பச்சை வந்த பிறகு

கம்பெனித் தலைவர் தன் பெயரைத் தானே அடித்துவிட்டிருந்தார். நீல மையில் ஒரே கோடு, அளவுகோல் வைத்து இழுத்தது போல நேராக. காப்புரிமை மனுவின் முதல் பக்கத்தில், கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. இப்போது மிச்சம் இருப்பது ஒன்றுதான், அவளுடையது. வக்கீல் அலுவலகத்திலிருந்து வந்த அந்தக் காகிதத்தை முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் பெயர் முதலில் வர வேண்டும் என்று ஐந்து மாதமாக மல்லுக்கு நின்றவள், கேட்டதற்கு மேலேயே கிடைத்தபோது சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளோ காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

அந்த மனிதர் விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை. அலுவலக நடைபாதைச் சுவரில் கம்பெனியின் காப்புரிமைச் சான்றிதழ்கள் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கின்றன, மொத்தம் ஒன்பது. ஒன்பதிலும் முதல் பெயர் அவருடையது. மூன்றாவது சான்றிதழ் இதயத்துக்குள் போகும் கம்பியின் நுனியைப் பற்றியது. அந்த நுனியை ராப்பகலாக யோசித்தவர் வேலையை விட்டுப் போன அன்று பிரிவுபசாரக் கூட்டத்தில் அழுதார். தலைவர் அவருக்குத் தன் கைக்குட்டையைக் கொடுத்தார், அவ்வளவுதான் கொடுத்தார். தேநீர் இயந்திரத்தை ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்ததுகூடத் தன் யோசனை என்று வருகிறவர்களிடம் சொல்வார். அப்பேர்ப்பட்டவர் யாரும் கேட்காமல் தன் பெயரை எடுக்கிறார் என்றால், சோழியன் குடுமி சும்மா ஆடாது.

அவளுக்கு அலுவலகத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள், ஆனால் பொருத்தமாக வைத்தார்கள். வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள், மாடிப்படி இறங்கிய பின் திரும்பி ஏறி நான்காவது முறையும் இழுப்பாள். அடுப்பை அணைத்தேனா என்று கணவரை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டுக் கேட்பாள், அணைத்திருக்கிறது என்று அவர் சொன்னால் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறாரா, இருந்த இடத்திலிருந்தே சொல்கிறாரா என்று யோசிப்பாள். அவள் பிழைப்பும் இதே குணத்தில்தான் ஓடுகிறது. இதயத்துடிப்பு குறைந்தவர்களின் நெஞ்சில் வைத்துத் தைக்கும் சிறிய உலோகக் கருவியை அந்தக் கம்பெனி செய்கிறது. அதற்குள் அரிசி மணி அளவில் ஒரு சில்லு, அந்தச் சில்லில் ஒரு நிரல். அந்த நிரலில் எங்கே பிழை ஒளிந்திருக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவது அவள் வேலை.

அந்தச் சில்லுக்குள் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. நிரல் எங்கேயாவது திகைத்து நின்றுவிட்டால், ஒரு நொடிக்குள் அதை உலுக்கி முதலிலிருந்து ஓட வைக்கும். தொழிலில் அதை நாய் என்பார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் நிரலை நிறுத்த வேண்டும்; நிறுத்தினால் நாய் பாய்ந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். ஆகவே பார்ப்பதற்கு முன்னால் நாயைக் கட்ட வேண்டும், பார்த்து முடித்ததும் அவிழ்க்க வேண்டும். இதெல்லாம் கருவியின் மூடியைப் பற்றவைப்பதற்கு முன்னால்தான் முடியும். மூடிய பிறகு வருகிற பிழைகளைப் பார்க்க வழியே இல்லை. நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்று அவளும் பத்து வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் அந்த வளையம் அவளுக்குத் தோன்றியது. கோப்பைத் தட்டு அளவில் ஒரு கம்பிச் சுருள். மூடிப் பற்றவைத்த கருவியின் மேல் வைத்தால் போதும்: வெளியிலிருந்தே நாயைக் கட்டிவிட்டு, சில்லு கடைசியாகச் செய்த ஆயிரம் காரியங்களையும் வரிசையாகப் படித்துக்காட்டும். படித்து முடித்ததும் பச்சை விளக்கு எரியும். கணினியில் 'மூடு' என்பதை அழுத்தினால் நாயை அவிழ்த்துவிடும். அதற்குத்தான் இந்தக் காப்புரிமை. அவளுடைய இருபது வருட வேலையில் இது என்னுடையது என்று சொல்ல இருந்தது இந்த ஒன்றுதான்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனாள்.

"உங்க பேரை எடுத்துட்டீங்களே சார்."

"நியாயம்னு பட்டுச்சு. யோசனை முழுக்க உங்களோடதுதானே? அஞ்சு மாசமா நீங்க சொல்றதும் அதானே?"

"முதல்ல என் பேரு வரணும்னுதான் கேட்டேன். என் பேரு மட்டும் போதும்னு கேக்கலை."

"முழுசா வச்சுக்கோங்க." அவர் சிரித்தார். அவர் சிரித்தால் கண் சிரிக்காது, அது அவளுக்குப் பழக்கம்தான். இன்று பல்லும் அரை மனதாகத்தான் சிரித்தது. "வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுடுங்க. கடைசிப் பக்கத்துல ஒரு உறுதிமொழி இருக்கு, அதுலயும்."

உறுதிமொழி நான்கே வரி. இந்தக் கருவியின் வடிவமைப்பும், பயன்படுத்தும் முறையும், அதன் விளைவுகள் அனைத்தும் தன் ஒருத்தியின் சிந்தனையில் உருவானவை என்று அவள் எழுதிக்கொடுக்க வேண்டும். விளைவுகள் என்ற சொல்லில் அவள் கண் நின்றது. ஒன்பது காப்புரிமையின் காகிதங்களையும் அவள் படித்திருக்கிறாள், எதிலும் விளைவு என்ற பேச்சே கிடையாது. கண்டுபிடித்தவனுக்கு எதற்கு விளைவு?

அன்று பிற்பகல் முழுவதும் அவள் பிழை தேடவில்லை, தலைவரைத் தேடினாள். யார் எந்தப் பதிவை எப்போது திறந்தார்கள் என்பது கணினியில் எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்திலேயே இருக்கிறது. யாரும் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். திங்கட்கிழமை காலை ஒரு கருவி திரும்பி வந்திருந்தது. யாரோ ஒருவருக்கு வேறு வகைக் கருவி தேவைப்பட்டதால் இதை எடுத்துவிட்டு, வழக்கப்படி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். திரும்பி வருகிறவை எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். இது வரவில்லை. தலைவரே வாங்கி, தானே வளையம் வைத்துப் பார்த்து, "குறை இல்லை. அலமாரியில் வைக்கவும்" என்று எழுதியிருந்தார். திங்கள் குறிப்பு எழுதியிருக்கிறார், செவ்வாய் தன் பெயரை அடித்திருக்கிறார்.

மறுநாள் காலை அலமாரிச் சாவி கேட்டாள்; அதற்குக் கையெழுத்துப் போட வேண்டும், போட்டாள். கருவியை மேசையில் வைத்து அதன்மேல் வளையத்தை வைத்தாள். வைப்பதற்கு முன் இருந்த நிலை என்ன என்பதைத் திரை முதல் வரியிலேயே சொல்லும், அப்படி எழுதியவள் அவள்தான். நாய் கட்டப்பட்டிருந்தது. நெஞ்சுக்குள் இருந்தபோதும் இப்படித்தான் என்றால், இந்தக் கருவி ஒரு மனிதருக்குள் இரண்டு மாதம் காவல் இல்லாமல் ஓடியிருக்கிறது. நிரல் எங்கேயும் நிற்காததால் பிழைத்தார். நின்றிருந்தால் நின்றதுதான்.

சத்தியமாக அவளுக்கு முதலில் தோன்றியது தலைவர்தான் கட்டியிருப்பார் என்று. தன்னை மாட்டிவிடுவதற்காகத் திட்டம் போட்டு, திங்கட்கிழமை காலை வந்து, கதவைச் சாத்திக்கொண்டு கட்டியிருக்கிறார். இந்தக் கதை அவள் மனதில் ஐந்து நிமிடத்தில் முழுசாகக் கட்டி முடிந்துவிட்டது. ஆனால் பதிவு அப்படிச் சொல்லவில்லை. அவர் வைத்தபோதே அது கட்டித்தான் இருந்தது. அப்படியானால் சோதனைக்கூடத்தில் யாரோ. அவள் எழுந்து கீழ்த்தளத்துக்கு நடந்தாள், இந்த முறையும் குற்றவாளியைப் பிடிக்கத்தான்.

சோதனைக்கூடத்து மேசையில் பதினெட்டு வருடமாக ஒரே அம்மாள்தான். எல்லோருக்கும் மேசைக்காரம்மா. தலைமுடி ஒன்று வெளியே தெரியாதபடி குல்லாய், கையுறை, சட்டைப்பையில் பேரப்பிள்ளையின் புகைப்படம். தட்டிலிருந்து கருவியை எடுத்து வைத்தார். வளையத்தை வைத்தார். பத்து நொடி. பச்சை எரிந்தது. வளையத்தைத் தூக்கினார். அடுத்த கருவி.

"அம்மா, மூடு அழுத்தலையே நீங்க?"

"பச்சை வந்துடுச்சே மேடம்."

"பச்சை வந்தா?"

"முடிஞ்சுதுன்னு அர்த்தம்." அந்த அம்மாள் இவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் பயந்துபோனார். "சில நேரம் அழுத்துவேன் மேடம். அவசரமா இருந்தா விட்டுடுவேன். நீங்கதானே பச்சை வச்சீங்க? பச்சைன்னா போலாம்னுதானே?"

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பச்சையை அங்கே வைத்தது அவள்தான். படித்து முடிந்ததற்குப் பச்சை, மூடியதற்குத் திரையில் ஒரு வரி. மூடாமல் தூக்கினால் என்ன ஆகும் என்று அவள் யோசிக்கவே இல்லை. பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவளுக்கு, கதவைச் சாத்தாமலே போகிற ஒரு ஆள் உலகத்தில் உண்டு என்று தோன்றாமலே போயிற்று. ஊரையே சந்தேகப்பட்டவள், விளக்கை நம்பி நடக்கும் ஒரு நல்ல மனுஷியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"உங்க நாத்தனாருக்குப் போனதை மட்டும் நான் விடலை மேடம்," என்றார் மேசைக்காரம்மா, அவளைச் சமாதானப்படுத்துகிற குரலில். "நீங்க ஆஸ்பத்திரியிலேருந்து போன் பண்ணிச் சொன்னீங்கள்ல, தனியா எடுத்து நல்லாப் பாருங்கன்னு? மூணு தடவை வச்சுப் பாத்தேன். மூணு தடவையும் பச்சை."

எல்லாக் கருவியும் வளையத்துக்குக் கீழே வருவதில்லை. தட்டுக்கு ஒன்று, இரண்டு என்று பொறுக்கித்தான் பார்ப்பார்கள். நாத்தனாரின் கருவி சாதாரண வரிசையில் போயிருந்தால் இந்த வளையம் அதைத் தொட்டே இருக்காது. இவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, பழைய முறையில் சோதித்தது போதாது, புது வளையத்திலும் பாருங்கள் என்று போனில் பிடிவாதம் பிடித்தாள். பிடிவாதம் பிடித்ததைப் பெருமையாகக் கணவரிடம் சொல்லவும் சொன்னாள்.

தன் மேசைக்குத் திரும்பி வளையத்தின் பதிவை எடுத்தாள். கம்பெனியை விட்டு வெளியே போனவற்றில் நாற்பத்தொரு கருவிகளுக்கு நேரே 'மூடு' இல்லை. ஒன்று அவள் மேசையில் இருக்கிறது. மிச்சம் நாற்பதும் நாற்பது நெஞ்சுக்குள் இருக்கின்றன. பட்டியலில் பதினேழாவது எண்ணைப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். அந்த எண் அச்சிட்ட அட்டை அவள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. தலைவரும் இதே பதிவைத் திங்கட்கிழமை திறந்திருந்தார். பதினேழாவது எண் யாருடையது என்பது அவருக்கும் தெரியும். அறுவை முடிந்த அன்று பூங்கொத்து அனுப்பியவர் அவர்தான்.

இனிமேல் அவரிடம் கேட்க ஒன்றும் இல்லை. பட்டியலையும் மனுவையும் மடித்துப் பைக்குள் வைத்தாள். வளையத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. அதையும் வைத்தாள். ஆஸ்பத்திரியில் நெஞ்சுக் கருவியைச் சோதிக்கிற இயந்திரத்துக்கு இந்த நாய் கண்ணிலேயே படாது.

நாத்தனார் முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வுபெற்றாலும் பரிசோதனையை விடவில்லை. பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பார், கடைக்காரன் சொல்கிற எடையைப் பார்ப்பார், தம்பி பெண்டாட்டியையும் பார்த்துக்கொண்டே இருப்பார். இருவரும் ஒரு வீட்டில் ஆறு வருடமாக ஒருவரையொருவர் உளவு பார்த்துக்கொண்டு சுமுகமாக இருந்தார்கள். கருவி வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, இவள் கம்பெனியுடையது என்று கேட்டதும், "நீ பாத்த மெஷினா? அப்ப எதுக்கும் இன்னொரு டாக்டர்கிட்டயும் கேட்டுக்கறேன்" என்றார். அந்த ரோஷத்தில்தான் இவள் அன்று போன் பண்ணினாள்.

"என்ன நடுப்பகல்ல வந்திருக்கே? துரத்திட்டாங்களா?" நாத்தனார் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்துவைத்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் இல்லக்கா."

சுற்றி வளைத்துச் சொல்லலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். சும்மா ஒரு பரிசோதனை, கம்பெனி வழக்கம், ஒரு நிமிஷ வேலை. எதிரே உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், பச்சை விளக்கு வரை. நாத்தனார் டிக்கெட் இல்லாதவர்கள் சொல்கிற கதையெல்லாம் முழுசாகக் கேட்டுப் பழகியவர்.

"இப்ப நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"நல்லா இருக்கீங்க."

"அது திடீர்னு நின்னுட்டா?"

"தானா மறுபடி ஓடாது. உங்க சொந்தத் துடிப்பு நிமிஷத்துக்கு முப்பதுதான்க்கா."

நாத்தனார் தன் இடது தோளுக்குக் கீழே, தோல் சற்று மேடாக இருக்கும் இடத்தைத் தொடாமல் பார்த்தார். "யாரு கட்டினது இதை?"

மேசைக்காரம்மா என்ற பேர் நாக்கு நுனி வரை வந்தது. "நான்தான்க்கா," என்றாள்.

மனுவை நாத்தனார் கேட்டு வாங்கினார். இவள் செய்தது போலவே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார், கோட்டைத் தடவினார், கடைசிப் பக்கத்தைத் திருப்பி உறுதிமொழியை வாய்விட்டு வாசித்தார். இவளுக்கு இரண்டு நாள் பிடித்தது, அவருக்கு இரண்டு நிமிடம் பிடிக்கவில்லை.

"பிடிபடப் போறோம்னு தெரிஞ்சவன் பையை அடுத்தவன் காலடியில தள்ளிட்டு இறங்கிப் போயிடுவான். நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன். இது மரியாதைன்னு நினைச்சியா நீ?"

"நினைக்கலை."

"கையெழுத்துப் போடாதே. யாரு கண்டுபிடிச்சதோ எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடு."

"போடலைன்னாலும் அது என்னோடதுதான்க்கா."

நாத்தனார் மனுவைக் கீழே வைத்து, மின்விசிறிக் காற்றில் பறக்காமல் அதன்மேல் தண்ணீர் டம்ளரை வைத்தார். டம்ளரின் ஈரம் கடைசிப் பக்கத்தில் இருந்த அவள் பெயரை ஒட்டி வட்டமாக ஊறியது. இவள் பையிலிருந்து வளையத்தை எடுத்தாள், மடிக்கணினியைத் திறந்தாள். உடம்புக்குள் வைத்த பிறகும் தோலுக்கு மேலிருந்தே படிக்கும் என்று மனுவில் ஏழாவதாக உரிமை கோரியிருந்தாள். எழுதும்போது உறுதியாகத்தான் எழுதினாள்.

"மனுஷங்க மேல வச்சுப் பாத்திருக்கியா?"

"இல்ல."

"அப்ப நான்தான் முதல் ஆளா?"

"ஆமா."

நாத்தனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் கண்ணைத் தாழ்த்தவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தாள். இந்த முசுட்டு மனுஷியை இழந்துவிடக் கூடாது என்று தான் இவ்வளவு பயப்படுவோம் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பாத்திருக்கேன்னு நீ சொல்லியிருந்தா கிட்டவே விட்டிருக்க மாட்டேன்." நாத்தனார் சட்டையின் மேல் பொத்தானைத் தானே கழற்றி, கழுத்துப் பக்கம் விலக்கினார். "வை."

வளையம் சில்லென்று இருந்திருக்க வேண்டும், நாத்தனார் மூச்சை இழுத்தார். விளக்கு எரியவில்லை. இவள் வளையத்தை ஒரு விரல் அளவு கீழே நகர்த்தினாள். மஞ்சள் சிமிட்டியது. திரையில் முதல் வரி வந்தது: முந்தைய நிலை, கட்டப்பட்டது. மேசைக்காரம்மா மூன்று முறை அக்கறையாக வைத்த கை. பிறகு சில்லு செய்த காரியங்கள் வரிசையாக ஓட ஆரம்பித்தன. துடிப்பு, காத்திரு, துடிப்பு, காத்திரு. மேசைமேல் இருக்கும் கருவியில் இதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறாள். எதிரே இருக்கிற முகத்தோடு சேர்த்துப் பார்த்ததில்லை.

பச்சை வந்தது.

நாத்தனாரின் கை சட்டென்று உயர்ந்து வளையத்தை நெஞ்சோடு அழுத்திப் பிடித்தது. "எடுக்காதே. அழுத்தினியா?"

"இதோ." மூடு என்பதை அழுத்தினாள். அவிழ்க்கப்பட்டது என்று வரி வந்தது. "அழுத்திட்டேன்க்கா."

"இன்னொரு தடவை."

அழுத்தினாள். அதே வரி மறுபடியும் வந்தது.

"திருப்பு, நான் பாக்கறேன்."

திரையைத் திருப்பினாள். நாத்தனார் கண்ணாடியை மூக்கில் இறக்கி, எழுத்து எழுத்தாக வாசித்தார். பிறகு வலது கையை நீட்டித் தானே மூன்றாவது முறை அழுத்தினார். இடது கை வளையத்தை விடவில்லை.

"போதும்க்கா. இப்ப எடுக்கலாம்."

"இருக்கட்டும்." நாத்தனார் மேசையில் கிடந்த பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார். பதினேழாவது எண்ணுக்கு நேரே நகத்தால் ஒரு கோடு கீறினார், ரயிலில் டிக்கெட்டில் கோடு போடுகிற கணக்காக. விரல் மேலே போய் முதல் எண்ணில் நின்றது. "இவங்க வீட்டுல உன்னை மாதிரி யாராவது இருக்காங்களா?"

அவள் குனிந்து அந்த எண்ணைப் பார்த்தாள்.

"இது எந்த ஆஸ்பத்திரி?"

சொன்னாள்.

"அப்ப ஏன் உக்காந்திருக்கே?"

போனை எடுத்தாள். கூப்பிட்டு என்ன சொல்வது, யார் என்று சொல்வது? கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்றால் தலைவரைக் கேட்பார்கள். இதைக் கண்டுபிடித்தவள் பேசுகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். டம்ளருக்குக் கீழே கையெழுத்துக்கான இடம் நனைந்துகொண்டிருந்தது. எண்களைத் தட்டினாள், சரியாகத் தட்டினாளா என்று ஒரு முறை பார்த்தாள், அழுத்தினாள். மறுமுனையில் மணி அடித்தது. மூன்று, நான்கு. வளையம் நழுவாமல் இருக்க அவளும் இடது கையை நீட்டி நாத்தனாரின் கைமேல் வைத்துக்கொண்டாள். விரல்களுக்கு இடையில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பேருமே கையை எடுக்கவில்லை.